ஊதாமல் விட்ட சங்கு

1969-இல், கடல்தாண்டிய பனி ஊரான பியர்பொன்ட்ஸில் ஒரு வீட்டுக்கு ஒரு மாத வெளிச்சம் எட்டு டாலர். சூரியனே கடை போட்டாலும் அதற்குக் கீழே தந்து கட்டுபடியாகாது. நாகசுப்பிரமணியன் குடும்பம் எட்டையும் கட்டியது; ஆனால் வெளிச்சம் ஜன்னலைத் தாண்டவில்லை. உள்ளே எல்லா பல்பும் எரியும், வெளியே வீடு கரிக்கட்டை. வாசற்படியில் வழுக்கிய தபால்காரர் பிரெஞ்சில் திட்டினார். மின்சார ஆள் வந்து, மீட்டர் ஓடுவதைக் கண்டு திருப்தியாகத் திரும்பினார்.

காரணம் ஊரறிந்ததுதான். உலக யுத்தத்தில் ரங்கூனின் தமிழர் தெரு ஒன்றுக்கு நாகசுப்பிரமணியன் வெள்ளைக்கார சர்க்கார் வைத்த தலைவர். விமானம் வந்தால் அபாயச் சங்கு ஊதி, "விளக்கை அணை" என்பார்; தெரு அணையும். 1942 ஜனவரியில் ஏழு வயது மகன் குகன் வெளியே மாட்டிக்கொண்டான். இருட்டில் தன் வீட்டுக் கதவு தெரியாமல் "அம்மா, அம்மா" என்று தெரு நெடுக ஓடினான். அனுசூயா தீக்குச்சி கிழிக்கப் போனாள். கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். தெரு பிழைத்தது. குகன் கிடைக்கவில்லை, பிணமாகக்கூட. அன்று தெருமுனையில் விழுந்த ஒரே குண்டில் சங்கும் போயிற்று. அபாயம் நீங்கியதாக மறுசங்கு ஊதி அவர் அறிவிக்கவே இல்லை. வெளிச்சமும் எஜமான் சொல் தட்டாத கணக்குப்பிள்ளையாக மதராசுக்கும், பிறகு டாக்டரான மகள் ரமாவின் பியர்பொன்ட்ஸ் வீட்டுக்கும் அடங்கி ஒடுங்கிக் கூடவே வந்தது.

1974 குளிர்காலத்தில் தமிழ்ச் சங்கத்தார் பொன்னாடையுடன் வந்தார்கள். பேராசிரியர் சண்முகவேல் பஜ்ஜியும் கையுமாக, "தலைவர்னா இப்படி இருக்கணும் சார்! பெத்த பிள்ளைக்குக்கூட ஒரு விளக்கு ஏத்தல!" என்றார்.

அனுசூயா தட்டைப் பிடுங்கினாள். "நாய் தொலைஞ்சாக்கூட வாசல்ல லைட் போட்டு வைப்பான் மனுஷன். இதுக்குப் பொன்னாடை வேறயா? எனக்குச் சங்கு ஊதறதுக்குள்ள அந்தச் சங்கை ஊதுங்க!"

"மேலிடத்து உத்தரவு வரணும், அனுசூயா."

"எந்த மேலிடம்? வெள்ளைக்காரன் மூட்டை கட்டி இருபத்தேழு வருஷமாச்சு. ஊதுங்கன்னா!"

சங்கு ஏது? அவர் கைகளைக் குவித்து வாயில் வைத்து ஊதினார். "அபாயம் நீங்கியது," என்றார், யாருக்கோ.

முப்பத்திரண்டு வருஷ வெளிச்சம் ஜன்னல்களை உடைத்துக்கொண்டு பனிமேல் பாய்ந்து ஊர்க்கோடி ஆற்றங்கரை வரை போயிற்று. அதன் வழியே குகன் வந்தான், அதே அரைக்கால் சட்டையில்.

"கதவு எங்கன்னே தெரியலம்மா," என்றான். பிறகு, "இந்தத் தாத்தா யாரு?"

"தெருவுக்குத் தலைவர்," என்றாள் அனுசூயா.

திங்கட்கிழமை தங்கை ரமா, வயது முப்பத்து நான்கு, அண்ணனுக்குத் தடுப்பூசி போட்டுப் பள்ளியில் சேர்த்தாள். வீட்டுக் கணக்கு இப்படி முடிந்தது: வரவு, பிள்ளை ஒன்று, சேதமில்லை. பாக்கி, தாய்க்கு முப்பத்திரண்டு வருஷம். தலைவர் பெயரில் நிற்கிறது, தள்ளுபடி கிடையாது.