கண்ணை மூடு, கையைத் தலையில் வை

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு இந்த விதியில் சத்தியமாக விருப்பம் இல்லை. ஆனால் போன வருஷம் பட்ட பாடு அப்படி. ஆன்லைனில் நடந்த ஸ்பெல்லிங் போட்டியில் பாதிப் பிள்ளைகளின் கண்கள் திரைக்கு மேலே, பக்கத்தில், கதவு இடுக்கில் என்று அலைந்தன. ஒரு பையனுக்கு அவன் அப்பா அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வார்த்தையை எழுதிக் காட்டினார். காட்டிய ஸ்பெல்லிங்கும் தப்பு. பையன் தோற்றான், அப்பா மாட்டிக்கொண்டார். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் கிழி கிழியென்று கிழித்தார்கள். இந்த வருஷமும் போட்டி ஆன்லைனில்தான், அதனால் புது விதி வந்தது. முறை வந்ததும் பிள்ளை கண்ணை மூட வேண்டும், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் எழுத்துகளைச் சொல்ல வேண்டும்.

“இது போட்டியா, போலீஸ் ஸ்டேஷனா?” என்றார் டீச்சரின் கணவர். மருந்துக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, யார் மைக்கைத் திறப்பது, யார் மைக்கை மூடுவது என்ற பொறுப்பை அவர்தான் ஏற்றிருந்தார்.

“நீங்க முதல்ல உங்க மைக்கை மூடுங்க” என்றாள் டீச்சர்.

பெயர்ப் பட்டியலை அவள் மறுபடியும் பார்த்தாள். பெயர் கொடுத்தவர்களில் கோட்டானும் இருந்தாள். வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். டீச்சர் அதட்டியதில் ஊமை போயிற்று, கோட்டான் தங்கிவிட்டது. சிறுமி அதற்காக முகம் சுளிக்கவில்லை. தன் நோட்டு அட்டையில் பெரிய கண் வைத்த ஆந்தை ஒன்றைத் தானே வரைந்துகொண்டாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் குரலை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. “வீட்ல வாய் ஓயாது டீச்சர், எங்களுக்குக் காது புளிச்சுப் போகும்” என்று அவள் அம்மா சொல்லும்போது நம்புவதா வேண்டாமா என்று டீச்சருக்குத் தெரியாது.

போன வாரம்தான் தலைமை ஆசிரியை, எல்லாருக்கும் பெரிய டீச்சர், கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “வாய்விட்டு ஒரு பக்கமாவது படிக்கட்டும், நாலாம் வகுப்புக்கு அனுப்பறேன். இல்லேன்னா இன்னொரு வருஷம் உங்ககிட்டயே இருக்கட்டும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்.” கெட்ட மனுஷி இல்லை. அதுதான் தொல்லை, சண்டை போடவும் முடியவில்லை. இன்று போட்டியைப் பார்க்க அந்தப் பெரிய டீச்சரும் வந்து திரையில் ஒரு கட்டத்துக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணெதிரிலேயே சிறுமி வாயடைத்துப்போனால் கதை முடிந்தது.

போட்டி நன்றாகத்தான் போயிற்று. ஒருவன் கையைத் தலையில் வைத்த வேகத்தில் நாற்காலியோடு சாய்ந்தான். ஒரு வீட்டில் மாமா துண்டோடு குறுக்கே போனார், கேமரா ஓடுவது தெரிந்ததும் குனிந்தபடி திரும்பிப் போனார். பிறகு கோட்டானின் முறை வந்தது.

“கண்ணை மூடிக்கோ செல்லம். வார்த்தை, அம்ப்ரெல்லா.”

சிறுமி கண்ணை இறுக்கி மூடினாள். கைகள் தலைக்குப் போயின. திரை ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் கணவரைப் பார்த்தாள். “மைக் தொறந்துதான் இருக்கு” என்று அவர் கிசுகிசுத்தார்.

“யு” என்றது ஒரு குரல். கரகரப்பாக, கொஞ்சம் ஆண்பிள்ளைத்தனமாக இருந்தது. “எம். பி.”

கடைசி எழுத்துவரை சொல்லி முடித்தாள். ‘சரி’ என்று சொல்ல வேண்டிய டீச்சர் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததால் கணவர் முழங்கையால் இடித்தார். “சரி!” என்று டீச்சர் கத்தியே விட்டாள். 

இரண்டாம் சுற்றிலும் சிறுமி தேறினாள். மூன்றாவதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள். விதி விதிதான்.

“அவுட் ஆயிட்டே தங்கம். ரொம்ப நல்லாச் சொன்னே. இப்ப கண்ணைத் தொறக்கலாம்.”

“வேணாம்.”

“ஏம்மா?”

“தொறந்தா எல்லாரும் என்னைப் பாப்பாங்க.”

“மூடியிருந்தா?”

“பாக்க மாட்டாங்க” என்றாள் சிறுமி. இதைக்கூடவா ஒரு டீச்சருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதுபோல் இருந்தது அந்தத் தொனி. எங்கோ ஒரு பிள்ளை சிரிக்கத் தொடங்க, கணவர் சட்டென்று அந்த மைக்கை மூடினார்.

டீச்சருக்கு மட்டும் தெரியும்படி பெரிய டீச்சரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘பேசுகிறாள், சந்தோஷம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு புத்தகம் படிக்க முடியாதே?’

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் செய்தியில் தப்பு ஒன்றும் இல்லை என்பதால் இன்னும் அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாரும் கவனிங்க” என்றாள். “இப்ப ஒவ்வொருத்தரும் கண்ணை மூடணும். கையைத் தலையில வைக்கணும். பிள்ளைங்க மட்டும் இல்ல. அம்மா, அப்பா, பின்னாடி நிக்கிற மாமா, எல்லாரும். பெரிய டீச்சர், நீங்களும்தான்.”

பெரிய டீச்சரின் புருவம் ஏறியது. பிறகு, வேறு வழியில்லாமல், அவர் கையும் ஏறியது. கட்டம் கட்டமாக, கைது செய்யப்பட்ட ஊர்போல அத்தனை குடும்பமும் கையைத் தலையில் வைத்துக்கொண்டது.

“நானும் மூடிட்டேன். எங்க வீட்டுக்காரரும் மூடிட்டாரு. ஒருத்தரும் உன்னைப் பாக்கல. இப்ப கண்ணைத் தொறந்து, உன் பாடப் புத்தகத்துல எந்தப் பக்கம் பிடிக்குதோ அதைப் படி.”

 மூடிய கண்ணின் இருட்டில் டீச்சருக்கு ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. அத்தனை பேரையும் அந்தக் கோலத்தில் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பக்கம் புரளும் சத்தம். அப்புறம் அந்தக் கரகரப்பான குரல் எறும்புகளைப் பற்றிய பாடத்தை ஒவ்வொரு சொல்லாக ஆரம்பித்தது, வரி வரியாக வேகம் பிடித்தது, பாதிப் பக்கத்தில் திடீரென்று நின்றது.

“டீச்சர்!”

“என்னம்மா?”

“பெரிய டீச்சர் ஒரு கண்ணைத் தொறந்து பாக்கறாங்க! அவங்களை அவுட்னு சொல்லுங்க!”

 தவறு செய்யாத அந்தப் பெரிய மனுஷி இப்போது என்ன சொல்லப்போகிறார்? கணவர் தட்டுத்தடுமாறி பெரிய டீச்சரின் மைக்கைத் திறந்துவிட்டார்.

“ஆமா, நான் அவுட்டு” என்றார் பெரிய டீச்சர். குரல் லேசாக உடைந்திருந்தது. “நீ நிறுத்தாதே. படி.”

டீச்சரும் விதியை மீறிக் கண்ணைத் திறந்தாள். பெரிய டீச்சர் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுமி அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புத்தகத்தில் விரலை வைத்து, விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படித்தாள்.