உமரைக் கழித்த ஆல்பம்

ஆல்பம் வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உமரின் சத்தம் நின்றுபோனது. அதே நிமிடத்திலிருந்து பல்லாவரத்தில் ஸ்டூடியோ இருந்த தெருவுக்கு மேலே விமானங்களும் ஓசையில்லாமல் பறந்தன.

ஸ்டூடியோ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது உமருடைய அத்தா ஒதுக்கிக் கொடுத்த தோல் கிடங்கு. வாடகை கேட்காதவர், வாடைக்கும் பொறுப்பேற்கவில்லை. விமானம் வந்தால் பாட்டை நிறுத்தி, போனதும் விட்ட இடத்தில் பிடித்து, வெட்டுத்துணியில் சட்டை தைப்பதுபோல அந்த ராக் ஆல்பத்தை ஒட்டுப்போட்டார்கள். முதாசிர் பாடினான், கிட்டார் வாசித்தான், பேட்டி கொடுக்கவும் பழகிக்கொண்டிருந்தான். விக்கி டிரம்ஸ். உமர் பேஸ் கிட்டார்; கடைசிப் பாட்டு அவனே எழுதி, பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்து அவனே பாடியது. எல்லாம் முடிந்ததும் சவுண்ட் இன்ஜினியர் தோத்தாத்ரி, காலி அறையின் சத்தத்தைக் கொஞ்சம் ஸாம்பிளாகப் பதிவு செய்தார். அதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, இந்த மாதிரி எது இருந்தாலும் இரைச்சல், எடுத்துவிடு என்று சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். அதற்காக எல்லோரையும் வெளியே அனுப்பினார். தோல் கட்டுகளுக்குப் பின்னால் கண்ணயர்ந்திருந்த உமரை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. மேலே ஒரு விமானம் போயிற்று, கீழே உமர் மூச்சு விட்டான். இரண்டும் இரைச்சல் கணக்கில் சேர்ந்தன.

பொத்தானை அழுத்தியதும் எல்லாப் பாட்டிலும் பேஸ் மறைந்தது. கடைசிப் பாட்டில் டிரம்ஸ் மட்டும் யாருக்கோ காத்திருப்பதுபோலத் தட்டிக்கொண்டிருந்தது. விழித்த உமர் "இன்னாடா ஆச்சு" என்று கேட்டான். அது அவனுக்கே கேட்கவில்லை.

தோத்தாத்ரி நேர்மையானவர். "அந்த ஸாம்பிளைத் தூக்கிட்டா உமர் வந்துருவாரு தம்பி. கூடவே பிளேனும் வந்துரும்" என்றார்.

முதாசிர் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இவ்ளோ சுத்தமா எப்பவும் வந்ததில்லண்ணா. மச்சான், இது ரிலீஸ் ஆவட்டும். உன்ன அப்பறம் சரி பண்ணிக்கலாம்."

சம்மதமில்லை என்றான் உமர். அது யார் காதிலும் விழாததால் முடிவு ஒருமனதாயிற்று.

ஆல்பம் ஓடியது. கடைசிப் பாட்டின் மௌனத்தைப் பத்திரிகைகளில் துணிச்சல் என்று எழுதினார்கள். விமானச் சத்தம் போனதால் தெருவில் மனை விலை இரட்டித்தது. உமர் மறுபடி தோத்தாத்ரியைத் தேடிப் போனபோது, குடியிருப்போர் சங்கத் தலைவர் பட்டாபிராமன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். "ஒருத்தருக்காக ஏரியா மொத்தமும் தூக்கத்த விடணுமா சார்?" உமர் வெகுநேரம் வாதாடினான். பட்டாபிராமன் அவன் தோளைத் தட்டி, புரிந்துகொண்டதற்கு நன்றி சொன்னார். வாட்ஸப்பில் எழுதிக் கெஞ்சியதற்கெல்லாம் முதாசிர் கட்டைவிரல் அனுப்பினான்.

சில வருடங்களில் அடுத்த ஆல்பமும் வந்தது, புது பேஸ்காரனும் வந்தான். உமர் அத்தாவின் தோல் மண்டியில் உட்கார்ந்தான். மெஹ்னாஸ் என்ற பெண்ணை அவனுக்குப் பேசினார்கள். மாப்பிள்ளைக்குச் சத்தமில்லை என்று பெண் வீட்டார் இழுத்தபோது, "பொண்டாட்டிய ஒரு நாளும் எதிர்த்துப் பேச மாட்டான், வேறென்ன வேணும்?" என்று அத்தா பேரத்தை முடித்தார்.

நிக்காஹ் அன்று சாட்சியாக முதாசிர் வந்து உட்கார்ந்தான். நடத்தி வைத்த ஹஜ்ரத் சம்மதமா என்று மூன்று தடவை கேட்டார். முதல் இரண்டு தடவை உமர் "கபூல்" என்றான். மூன்றாம் தடவை முதாசிர் பக்கம் திரும்பி, இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் அவன் பரம்பரையையும் விடாமல் சொல்லி முடித்தான். உதடு அசைவதை மட்டும் பார்த்த ஹஜ்ரத், "மாப்பிள்ளை சொன்னது கேட்டுச்சா தம்பி?" என்றார்.

"தெளிவா கேட்டுச்சு ஹஜ்ரத்" என்றான் முதாசிர். "மூணு தடவையும் கபூல்னுதான் சொன்னான்."

ஹஜ்ரத் துஆ ஓதினார், ஜமாஅத் ஆமீன் சொன்னது. பிரியாணியில் கறி குறைவு என்று ஒரு மூலையில் முணுமுணுப்பு எழுந்தது. அது எல்லோருக்கும் கேட்டது.