கண்ணில் சுற்றிய கயிறு

கௌரிசங்கர் அண்ணாச்சியின் சிவப்புக் கார் பேச்சிராஜின் கடை வாசலில் வந்து நின்றபோது, அதற்கு ஒரு கண் முழித்திருந்தது, இன்னொன்று பாதி செருகியிருந்தது. விளக்கைப் போட்டால் மூடியோடு மேலே எழும்பி, அணைத்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிற பழைய ஜப்பான் கார். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பென்ஷனை வைத்துக்கொண்டு ஆய்க்குடியில் சும்மா இருந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது?

பேச்சிராஜ் குற்றாலம் ரோட்டில் பதினெட்டு வருடமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். அவனுடைய வலது கைக்கு வயரைத் தொட்டாலே கோளாறு தெரியும் என்று ஊரில் பேச்சு. அந்தக் கைதான் அவன் வீட்டில் அடுப்பெரிய வைப்பது.

"ஏலே பேச்சி, வண்டிய அணைக்க மட்டும் சொல்லாத. பூச போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கெளப்பியாச்சு. சாஸ்தா கோயில் வாசல்ல போயித்தான் அணைக்கணும். எங்கம்மா நேர்ச்ச" என்றார் கௌரிசங்கர்.

கோயில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில். நடுப்பகலிலேயே சாரல் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கில்லாமல் போக முடியாது.

பேச்சிராஜ் குனிந்து இடது கண்ணின் இடுக்குக்குள் டார்ச் அடித்தான். சிரிப்பு வந்தது. திருஷ்டிக் கயிறு! மற்ற வண்டிகளில் முன் கம்பியில் கட்டுவார்கள். இந்தக் காருக்கு முகத்தில் கம்பியே இல்லை. அதனால் விளக்கு மேலே எழும்பி நின்ற நேரம் பார்த்து, பூசாரி இரண்டு மூடிகளின் காலிலும் கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டிருக்கிறார். இடது மூடி இறங்கியபோது கயிற்றின் நுனி உள்ளே போய், மோட்டாரின் தண்டில் ஐந்தாறு சுற்று சுற்றிக்கொண்டது.

"அறுத்துருதேன் அண்ணாச்சி."

"ஐயையோ! பூசாரி கட்டுனது. கத்தி படப்பிடாது. கையால அவுத்துரு."

பேச்சிராஜும் சாமிக்குப் பயந்தவன்தான். சரி என்றான். பியூஸ் பெட்டியைத் திறந்தால் மூடியில் எல்லாம் ஜப்பான் எழுத்து. குத்துமதிப்பாக இரண்டைப் பிடுங்கினான். வலது விளக்கும் அணைந்தது. இடது மோட்டாரில் சத்தமே இல்லை. கரண்டு போய்விட்டது என்று முடிவு கட்டினான். விளக்குக்கு ஒரு பியூஸ், மோட்டாருக்குத் தனியாக ஒரு பியூஸ் என்று யோசிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

வலது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டான். ஒரு சுற்று அவிழ்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. அப்போதுதான் புறங்கையில் பட்ட மோட்டார் சுடுவதை உணர்ந்தான். கரண்டு இல்லாத மோட்டார் எப்படிச் சுடும்?

ங்ங்ங் என்று ஒரு முக்கல். மூடி துள்ளி எழும்பியது. மூடியையும் மோட்டாரையும் இணைக்கும் கம்பி அவன் நான்கு விரல்களையும் தகட்டின் விளிம்போடு சேர்த்து அமுக்கியது. மீதமிருந்த கயிறு இறுகி, கம்பியை அந்த இடத்திலேயே நிறுத்தியது. மறுபடியும் மௌனம்.

பேச்சிராஜுக்குப் புரிந்துவிட்டது. மோட்டார் சாகவில்லை. சுற்ற முடியாமல் சூடேறித் தானாக அடங்குகிறது, ஆறியதும் மறுபடி இழுக்கிறது. இனி அவன் விரல்களுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே இருப்பது இரண்டு சுற்றுக் கயிறுதான்.

கௌரிசங்கர் ஓடி வந்தார். கையைப் பார்த்தார். மேசையிலிருந்த கத்தியை எடுத்துவிட்டார். "சாமி குத்தம் வந்தா எனக்கு வரட்டும்லே. அறுத்துருதேன்!"

"அறுத்திராதீய அண்ணாச்சி!" அவன் போட்ட கூச்சலில் அவர் கத்தியை நழுவவிட்டார். "கயித்த அறுத்தா கம்பி வெரல வெட்டிரும். பேட்டரியக் கழத்துங்க! பேட்டரி எங்கன இருக்கு?"

"டிக்கிக்குள்ள... பூட்டியிருக்கு."

"சாவி?"

கௌரிசங்கர் ஸ்டீயரிங் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாவி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் சொருகியிருந்தது. வண்டியை அணைக்காமல் அதை உருவ முடியாது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ங்ங்ங். விரல்களில் இருந்த வலி தோள் வரை ஏறியது. கயிற்றில் ஒரு புரி படக்கென்று அறுந்த சத்தம் அவனுக்குக் காதில் கேட்கவில்லை, எலும்பில் கேட்டது.

"அண்ணாச்சி, என் கை... இது போச்சுன்னா நான் எதுக்கு ஆவேன்?" பேச்சிராஜ் அழுதுவிட்டான். வெட்கப்பட நேரமில்லை.

கௌரிசங்கர் கண்ணை மூடி, "சாஸ்தாவே" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது; விளக்கு மோட்டாருக்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேரே கரண்டு. டிக்கி திறக்கும் சத்தம், தேங்காய்கள் உருளும் சத்தம், ஸ்பானர் நழுவி விழும் சத்தம். பேச்சிராஜ் எண்ணிக்கொண்டிருந்தான். முந்தின இரண்டு முக்கலுக்கும் இடையே முப்பது எண்ணும் நேரம் இருந்திருக்கும். இருபத்தாறு. இருபத்தேழு.

ங்... பாதியில் நின்றது.

"கழத்திட்டேம்லே!"

இடது கையால் மோட்டாரின் அடியிலிருந்த குமிழைத் துழாவிப் பின்பக்கமாகத் திருகினான். கம்பி மெல்ல விலகியது. கை வெளியே வந்தது, கூடவே தளர்ந்த கயிறும். நான்கு நகங்களும் கறுத்திருந்தன, தோல் கிழிந்திருந்தது, ஆனால் விரல்கள் மடங்கின. மடக்கி மடக்கிப் பார்த்தான்.

கௌரிசங்கர் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாஸ்தாதான் ஒன் கையப் பிடிச்சு வச்சிருந்தாரு" என்றார். வம்பை உள்ளே அனுப்பியதும் அதே கயிறுதான் என்று பேச்சிராஜ் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

கௌரிசங்கர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தம்பி, வலதுபக்கமும் கயிறு கெடக்கே. அதையும் எடுக்காட்டா நாளைக்கு அதுவும் சுத்திக்கிடுமே."

பேச்சிராஜ் அந்த இடுக்கைப் பார்த்தான். "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீய. பேட்டரியத் தூக்கிட்டுப் போயி எதுத்த டீக்கடையில இருங்க."

"அதான் கழத்தியாச்சேலே."

"போயி இருங்கன்னா இருங்க."

கௌரிசங்கர் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, சாரலுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சிராஜ் இரண்டு முறை திரும்பிப் பார்த்து, பேட்டரி அங்கேயே இருப்பதை உறுதி செய்துகொண்டான். வண்டியில் சொட்டுக் கரண்டு இல்லை என்று புத்திக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை.

பிறகு வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, இடது கையை உள்ளே விட்டான்.