காலியாக விட்ட வரி

அந்தப் படிவத்தில் ஒரே ஒரு வரியைத்தான் நான் காலியாக விட்டேன். மற்றதையெல்லாம் நானே தட்டச்சு செய்து மூன்று முறை சரிபார்த்தேன்.

பகலில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை அலுவலகத்தில் வேலை. மாலையில் மயிலாப்பூரில் மருத்துவமனை நிர்வாக டிப்ளமோ. ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை 'லிவிங் வில்' பற்றிப் பாடம் எடுத்தார்கள். பிழைக்க வாய்ப்பில்லை என்ற நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி. தன்னால் பேச முடியாதபோது தனக்காகப் பேச ஓர் ஆளின் பெயரையும் குறிப்பிட வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டு போய், கொட்டிவாக்கம் குப்பத்தில் எங்கள் வீட்டில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"உயிலா? எங்கிட்ட இன்னா கீது எழுதி வெக்க? ஓட்ட வலையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

அப்பா கங்காதரனுக்கு நுரையீரல் இரண்டும் கெட்டுவிட்டன. அதற்கு முந்தைய வருடம் பதினோரு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் டிவி பார்த்துக்கொண்டே மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருப்பார்.

"நான் சொல்றத அப்டியே எழுது மொழி. கொயா வேணாம். கைய கட்ட வேணாம். மூச்சு முட்டாம இருக்க மருந்து குடுத்தா போதும். அவ்ளோதான்."

அவர் பேச்சு நோட்டில். அதன் எழுத்துத் தமிழ் படிவத்தில்; 'கொயா' அங்கே 'சுவாசக் குழாய்' ஆனது. 'என் சார்பில் பேசுபவர்' என்ற வரி வந்தபோது கை நின்றது. அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. நான் ஒரே பெண். என் பெயரை நானே தட்டச்சு செய்துகொண்டால் உரிமை கொண்டாடுவது போலத் தெரியுமோ என்று தோன்றியது. அப்பாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடையாறில் நோட்டரி அலுவலகத்தில், "நீங்க சாட்சிதானே? இங்க போடுங்க" என்றார்கள். போட்டேன். இன்னொரு சாட்சி அங்கே வேலை செய்யும் சேட்டு என்பவர். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க நான் எதிர்க்கடைக்குப் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்து, தாள் உறைக்குள் போயிருந்தது. அதன் பிறகு அதை நான் பிரித்துப் பார்க்கவேயில்லை. பார்த்தால் அவரைச் சந்தேகப்படுவது போல இருக்கும் என்று நினைத்தேன். மளிகைச் சீட்டைக்கூட இரண்டு முறை கூட்டிப் பார்ப்பவள் நான்.

டிசம்பர் பத்தாம் தேதி காலை அப்பாவுக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். நான் ஒரு பக்கம், மரியசெல்வம் மாமா ஒரு பக்கம். மாமாவும் அப்பாவும் இருபத்தாறு வருடம் ஒரே படகில் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மாமாவுக்கு எங்கள் வீட்டில்தான்.

டாக்டர் ஸ்நேஹா உறையைப் பிரித்துப் படித்தார். என்னை விட சில வயதுதான் மூத்தவர்.

"மரியசெல்வம் யாரு?"

"எதுக்கு டாக்டர்?" என்றேன்.

"அவரைத்தான் நாமினேட் பண்ணியிருக்காங்க. அவர்கிட்டதான் நான் பேசணும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். நான் காலியாக விட்ட வரியில், நோட்டரியின் நீல மையில் மாமாவின் பெயர். கீழே, சாட்சி என்ற இடத்தில், என் கையெழுத்து.

மாமா தரையைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்மா. உங்கப்பன் சொல்லாதன்னான்."

"எட்டு மாசம். வாரா வாரம் வந்து சாப்ட்டீங்க."

"எங்கிட்ட கோச்சிக்கினு இன்னா பண்றது? போன தபா கொயா போட வந்தப்போ அவன் கையாட்டிக்கினே கீறான், வேணா வேணான்னு. நீ நோட்டுல எழுதிக்கினே கையெழுத்து போட்ட. 'எம் பொண்ணு எல்லாத்தயும் எழுதுவா, நான் சொல்றது மட்டும் அவ காதுல வுயாது'ன்னான்."

பொய் என்று காட்டத்தான், எல்லாவற்றையும் குறித்து வைக்கும் அந்த நோட்டைப் பையிலிருந்து எடுத்தேன். போன வருடம் வென்டிலேட்டர் போட்ட நாளின் பக்கம் இருந்தது. 'காலை 11.40. அப்பா இடது கையை ஆட்டுகிறார். தண்ணீர் கேட்கிறாரோ?' அடுத்த வரி: '11.45. சம்மதப் படிவம். கையெழுத்திட்டேன்.'

அப்பா என்னை நேரில் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். என்னையே சாட்சியாக வைத்துக்கொண்டு என்னை ஒதுக்கியிருக்கிறார்.

டாக்டர் உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு மாமாவிடம் வந்தார். "ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறிட்டே போகுது, அவருக்கு இப்போ நினைவு தெளிவா இல்ல. இதுல குழாய் வேண்டாம்னு தெளிவா இருக்கு. ரெண்டு மருத்துவக் குழுவும் பார்த்து எழுதணும், நாங்க கூப்பிட்டிருக்கோம். உங்க சம்மதமும் வேணும். மாஸ்க்கும், மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்தும் மட்டும் குடுக்கலாமா? இல்ல, டியூப் போடணுமா?"

மாமா கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவைப் பார்த்தார். வாய் கோணியது.

"போட்டுடுங்க டாக்டர்" என்றார். "அவன் இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. அப்பா இருப்பார். பழி மாமாவுடையது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். என்னை நம்பாதவருக்காக நான் ஏன் பேச வேண்டும் என்றும் தோன்றியது.

அந்த நோட்டு கையிலேயே இருந்தது. ஏப்ரல் பக்கத்தைத் தேடி எடுத்தேன்.

"டாக்டர், நான் இதுக்குச் சாட்சி. அவர் சொன்னதைச் சொல்றேன்" என்று படித்தேன். "கொயா வேணாம். கைய கட்ட வேணாம். மூச்சு முட்டாம இருக்க மருந்து குடுத்தா போதும். அவ்ளோதான்."

அப்பாவின் குரலைப் போலவே வந்துவிட்டது. மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "மாஸ்க்கும் மருந்தும் போதுமா?" என்று டாக்டர் மறுபடி கேட்டபோது, துண்டுக்குள்ளிருந்தே தலையை ஆட்டினார்.

மதியம் குழுக்கள் பார்த்து எழுதின. மூன்றரை மணிக்கு எங்களை உள்ளே விட்டார்கள். அப்பாவுக்கு முகத்தில் மாஸ்க் மட்டும். கண் விழித்திருந்தார். போர்வையிலிருந்து இரண்டு கைகளையும் மெல்ல வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டு இல்லை.

பிறகு அந்தக் கைகளைச் சேர்த்து மாமாவைக் கும்பிட்டார்.

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். படித்துக் காட்டியது நான் என்று அப்பாவிடம் சொல்வார் என்று காத்திருந்தேன். "இருடா கங்கா, நான் கீறேன்ல" என்று மட்டும்தான் சொன்னார். என் பக்கம் மாமா திரும்பவேயில்லை. நான் நோட்டைப் பைக்குள் வைத்தேன்.

அப்பா மறுநாள் காலை போனார். நோட்டில் நேரம் குறித்திருக்கிறேன்: 6.20.