குதிரைவாலி தூற்றிய ஆர்கன்

1986 தை மாதம் பரளச்சியில் நின்றுபோன காற்று, லுத்தரன் சபைப் பாட்டு ஒன்றுக்கு மட்டும் வந்தது. அடித்துப் போட்ட குதிரைவாலி களத்தில் குவிந்து கிடக்க, தூற்றுவதற்குக் காற்றில்லாமல் ஊரே சொளகும் கையுமாக உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சங்கையா, அருப்புக்கோட்டை சர்ச்சில் ஏலம் விட்ட பழைய ஆர்கனை மாட்டுவண்டியில் கொண்டுவந்து களத்தில் இறக்கினார். சர்ச்சுக்குக் கரண்டில் பாடும் புதுப்பெட்டி வந்துவிட்டது. இவருக்குத் தானியப் பெட்டி செய்யத் தேக்குப் பலகை வேண்டியிருந்தது.

பின்னாலேயே பஸ் பிடித்து வந்தார் ஞானப்பூ டீச்சர். சர்ச்சில் இருபது வருஷமாக அதை வாசித்தவர்.

"அண்ணாச்சி, ஒடைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு வாசிச்சிக்கிடுறேன்."

சங்கையா முரடர்தான், ஆனால் அழுகிற மனுஷியிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். டீச்சர் மிதிகட்டையை மிதித்து வாசிக்க, களத்தில் மெல்லக் காற்று வந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, சொளகைத் தூக்கினார்கள். பதர் கொஞ்ச தூரம் போய்த் தானியத்தின் மேலேயே விழுந்தது. சங்கையாவின் சம்சாரம் சந்தனம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சரம்மா, எழவு வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு. கொஞ்சம் வெரசா வாசிங்களேன்!"

டீச்சர் அழுகையை விட்டுச் சிரித்துவிட்டார். ஜெர்மனியில் பிறந்தபோது அது துள்ளி ஓடிய பாட்டு. பயபக்தி பயபக்தி என்று தலைமுறை தலைமுறையாக அதை நடக்கவைத்து, கடைசியில் ஊர்ந்துபோக விட்டிருந்தார்கள். பழைய ஓட்டத்தில் வாசிக்கட்டுமா என்று டீச்சர் கேட்டபோதெல்லாம் சர்ச் கமிட்டி முறைத்தது. களத்தில் முறைக்க ஆளில்லை. அவர் ஆசை தீர வாசித்தார், பதர் திருச்சுழி ரோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. ஒவ்வொரு அடி முடிவிலும் பாட்டு மூச்சு வாங்கும், காற்றும் நிற்கும். அதற்குள் பெண்கள் சொளகை நிரப்பிக்கொண்டார்கள்.

ஆர்கன் தப்பித்தது. தை பிறந்தால் டீச்சரும் அதுவும் களம் களமாக, மல்லாங்கிணறு வரைக்கும் வண்டியேறிப் போனார்கள். பரளச்சியில் முளைப்பாரிக்கும் அந்த மெட்டில்தான் கும்மியடித்தார்கள்.

1991 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சர்ச்சின் புதுப்பெட்டி ஊமையாகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் பரளச்சிக்கு வந்து தலையைச் சொறிந்தார்கள்.

"தையில மட்டும் எங்களுக்கு வேணும்" என்றார் சங்கையா. "மத்த நாள்ல டீச்சரம்மா கூடவே இருக்கட்டும். ஆனா அவுகள மெதுவா வாசிங்கன்னு சொன்னீக, வண்டியக் கட்டிருவேன்."

கிறிஸ்துமஸ் அன்று டீச்சர் சந்தோஷத்தில் மிதித்த மிதியில் மெழுகுவர்த்திகள் அணைந்தன, ஆர்கனுக்குள்ளிருந்து குதிரைவாலிப் பதர் கிளம்பிப் போதகரின் வெள்ளை அங்கியெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவர் தட்டிவிட்டுக்கொண்டு பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஞாயிறிலிருந்து சபையார் பாட்டுப் புத்தகம் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கூழாங்கல்லும் கொண்டுவந்தார்கள்.