நாலாவது பட்டை

காலை மணி பத்து இருபது. பதினோரு மணிக்குக் கூட்டம்.

கண்ணாடிப் புட்டி ஆலையில் உடைசலைக் கணக்கெடுப்பது அவள் வேலை. மூன்று உலைகள், மூன்று ஷிப்டுகள். உடைசல் அதிகமான ஷிப்டின் மேற்பார்வையாளர் கிடங்குக்குப் போக வேண்டும். போன வாரம் மேலாளர், உடைசல் அதிகமானது மேலே வருமாறு அடுக்கிய பட்டியலின் முதல் வரியை மட்டும் பார்த்தார். காலை என்று இருந்தது. காலை ஷிப்டின் மீசைக்காரர் பக்கத்து அறையில் தன் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

கூட்டத்தில் காட்ட வரைபடம் மட்டும்தான் பாக்கி. பைத்தான் என்ற கணினி மொழியில் ஐந்து வரி. ஒவ்வொரு உலைக்கும் ஷிப்டுக்கு ஒன்றாகப் பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஓட்டினாள்.

உலைக்கு நான்கு நின்றன. எந்த நிறம் எது என்று ஓரத்தில் படித்தாள். இரவு, காலை, மதியம், மத்தியானம்.

அண்ணன் இரண்டு டீயோடு வந்தான். மதிய ஷிப்டின் மேற்பார்வையாளர் அவன்தான்.

"என்ன, நாலு பேர் நிக்கறாங்க?"

"பதிவேட்டுல மத்தியானம்னு எழுதறது நீதானே?"

"ஆமா. தப்பா?"

"தப்பில்ல. நம்ம வீட்டுல வேற எப்படிச் சொல்வோம்? ஒரு வாரம் நீ எழுதற, மறு வாரம் உன் உதவியாளர் எழுதறார். அவர் மதியம்ங்கறார்."

"பெரிய புலவர்."

"கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற அண்ணா."

"இருந்துட்டுப் போகட்டுமே. கலர் கலரா நல்லாத்தான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. முதல் உலையில் காலை முப்பத்தொன்று. மதியம் பத்தொன்பது. மத்தியானம் இருபத்திரண்டு. அவனும் பார்த்தான். உதடு அசையக் கூட்டினான். டீயைக் கீழே வைத்தான்.

"சேர்த்துத்தான் ஆகணுமா?"

"ஒரே ஷிப்டுதானே."

சுவருக்கு அப்பால் இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது.

ஒரு வரி சேர்த்தாள். மத்தியானம் வரும் இடமெல்லாம் மதியம் என்று கொள். மறுபடி ஓட்டினாள். உலைக்கு மூன்று பட்டைகள். மூன்று உலைகளிலும் கடைசிப் பட்டைதான் உயரம்.

அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் அச்சுப் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் தாளை இழுத்தது.

"கிடங்குல ஃபேன் இருக்குல்ல?" என்றான்.