கடையைச் சாத்திட்டுத் தேரிக்குப் போனோம்

எங்க வீட்டு வாசல்ல நிக்குற கருப்பு வண்டியைப் பார்த்தா, ரோட்டுல போறவன் ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டுத்தான் போவான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். மலை ஏறுமாம், மணல் ஏறுமாம். கூடாரத்தைத் தூக்கிப் போட்டுக்கிட்டுக் குடும்பத்தோட எங்க வேணும்னாலும் போயித் தங்கலாமாம். வாங்கும்போது என் வீட்டுக்காரவிய தனராஜ் இப்படித்தான் சொன்னாவ. வாங்குன பிறகு அது ஏறுன மலை எது தெரியுமா? மார்க்கெட் குடோன் வாசல்ல இருக்குற சிமெண்டுச் சரிவு. சீனி மூட்டை, பருப்பு மூட்டை, வத்தல் மூட்டை. போதாக்குறைக்குச் சொந்தக்காரங்க கல்யாணம் பூராத்துக்கும் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம். உள்ள ஏறி உக்காந்தா தும்மித் தும்மியே உசுரு போயிரும், அப்படி ஒரு வத்தல் நெடி.

மகள் ஐஸ்வர்யா கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டா. ஒவ்வொரு லீவுக்கும் "அடுத்த லீவுல போவோம் தாயி"ன்னு சொல்லியே பிள்ளை பிளஸ் டூ முடிச்சுட்டா. வார திங்கக்கிழமை கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போறா. கொண்டு விடுறதுக்குக்கூட நானும் அவளும் பஸ்லதான் போகணும். கடை இருக்குல்லா!

கடை, கடை, கடை. விசைப்படகுக்காரங்களுக்கு அரிசி பருப்பு போடுத மளிகைக்கடை. என் மாமனார் ராஜதுரை ஆரம்பிச்சது. அவிய இப்போ உடன்குடிப் பக்கம் சொந்த ஊருல இருக்காவ. ஆனா அவிய போட்ட சட்டம் தூத்துக்குடியில ஓடுது. கல்லாவுல குடும்பத்து ஆளுதான் உக்காரணும். வீட்டுல சாவு விழுந்தாலொழிய ஷட்டர் இறங்கப்படாது. மாமியார் தவறுன அன்னைக்குச் சாத்துனதுதான், அப்புறம் தீபாவளி பொங்கலுக்குக்கூட அரை ஷட்டர் திறந்திருக்கும்.

பிள்ளை ஹாஸ்டலுக்குப் போயிட்டா அப்புறம் லீவுக்கு விருந்தாளி மாதிரி வருவா. அவ அப்பா கல்லாவுல இருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாவ, "வந்துட்டியா தாயி"ன்னு கேப்பாவ, அவ்வளவுதான். போங்கடா, ஒரு நாளாவது கடையைச் சாத்தியே தீரணும்னு முடிவு பண்ணிட்டேன்.

வியாழக்கிழமை காலையில அவிய குளிச்சுட்டு வாரதுக்குள்ள கடையில வேலை பாக்குறவங்களுக்கு போன் போட்டு லீவுன்னு சொன்னேன். கடைச் சாவியை என் கைப்பைக்குள்ள போட்டேன். கூடாரம், அடுப்பு, கோழிக்கறி, தண்ணிக் கேன் எல்லாத்தையும் நானும் மகளும் வண்டியில ஏத்தியாச்சு.

"இன்னைக்குக் கடை கிடையாது. ஏறுங்க."

"ஏளா அனுசியா, விளையாடாத. அப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்."

"தெரியட்டும். மீன்பிடித் தடைக்காலம், ஒரு போட்டும் கடலுக்குப் போகல. யாருக்கு அரிசி போடப் போறிய, மீனுக்கா?"

மனுசன் ஏறி உக்காந்துட்டாவ. நான்தான் ஓட்டுனேன். துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல புகுந்து, உப்பளத்தைத் தாண்டி, திருச்செந்தூரும் தாண்டி, தேரிக்காட்டுக்குள்ள கிடக்குற எங்க சொந்த இடத்துக்குத் திருப்புனேன். செக்கச்செவேல்னு மணல், ஊடால பனையும் முந்திரி காய்க்குற கொல்லாமரமும். தார் ரோடு முடியுற இடத்துல நிப்பாட்டி நாலு டயர்லயும் காத்தைக் குறைச்சேன்.

"காத்தை ஏன் புடுங்குத?"

"டயரு அகலமா உக்காந்தாத்தான் மணல்ல புதையாது. போன்ல பார்த்துப் படிச்சிருக்கேன். இனிமே நீங்க ஓட்டுங்க."

கியருக்குப் பக்கத்துல ஒரு குட்டிக் கம்பி இருக்கு, நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்குறது. வாங்குன நாள்ல இருந்து அவிய அதைத் தொட்டது கிடையாது. இழுத்துப் போட்டாவ பாருங்க, வண்டி உறுமிக்கிட்டு மணல் மேட்டுல ஏறுது! ஐஸ்வர்யா பின்னால தும்முறா, சிரிக்கா, மறுபடி தும்முறா. அவிய முகத்துல ஒரு சிரிப்பு. எங்க கல்யாண ஆல்பத்துல தேடுனாலும் அப்படி ஒரு சிரிப்பு கிடைக்காது. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.

சாயந்திரம் கூடாரம் போட்டு, கறிச் சட்டியை அடுப்புல வச்சிருக்கேன், தூரத்துல ஒரு வேன் மணல்ல சிக்கி அலறுற சத்தம். கொஞ்ச நேரத்துல எங்க எதிர்க்கடைக்காரரு, பாத்திரக்கடை கிருபாநிதி அண்ணாச்சி, மூச்சு வாங்க மேட்டு மேல ஏறி வாராவ. கையில பெரிய ரோசாப்பூ மாலை. அவியளுக்குப் பின்னால என் மாமனார்.

"யாருக்கு அண்ணாச்சி மாலை?"ன்னு கேட்டேன்.

கிருபாநிதி அண்ணாச்சி நெளிஞ்சாவ. "எம்மா, கடை சாத்திக் கிடக்கு. வீடு பூட்டிக் கிடக்கு. ரெண்டு பேரு போனும் போகல. ராஜதுரை அண்ணாச்சி தவறிட்டாவன்னு மார்க்கெட்டே முடிவு பண்ணிட்டு. கேதம் கேக்கணும்லா, வேன் பிடிச்சு மாலையோட ஊருக்குப் போனா, கதவைத் திறந்ததே அண்ணாச்சிதான்! அப்புறம் ஆடு மேய்க்கிறவரு ஒருத்தரு, உங்க வண்டி தேரிக்குள்ள போச்சுன்னு சொன்னாரு."

ஐஸ்வர்யா வாயைப் பொத்திக்கிட்டுக் கூடாரத்துக்குள்ள ஓடிட்டா. எனக்கும் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. மாமா முகத்தைப் பார்த்ததும் அடங்கிட்டு.

"நான் செத்துட்டேன்னு வந்தானுவ, அது போவட்டும். கடையை ஏம்லே சாத்துன?"

என் வீட்டுக்காரவிய கைலியை இறக்கி விட்டுக்கிட்டு எழுந்திரிச்சாவ. "இல்லப்பா... அவதான்..."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஆமா மாமா, நான்தான் சாத்துனேன். யாருட்டயும் கேக்கல. கேட்டா விடமாட்டிய."

"வீட்டுல சாவு விழுந்தாத்தான் கடை சாத்தணும். அது என் பேச்சு, தெரியுமா தெரியாதா?"

"நல்லாத் தெரியும். அப்போ என் பிள்ளை அவ அப்பாவோட ஒரு நாள் இருக்கணும்னா, நீங்க எப்போ சாவியன்னு காத்துக் கிடக்கணும், அப்படித்தான? எனக்கு அது வேண்டாம் மாமா. நீங்க நூறு வயசு இருங்க. நீங்க இருக்கும்போதே நான் சாத்துவேன்."

கிருபாநிதி அண்ணாச்சி மாலையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டாவ. மாமா என்னைப் பார்க்கவே இல்ல. மகனைத்தான் பார்த்தாவ.

"தனராசு, இப்போ கிளம்புனா ராத்திரி யாவாரத்துக்குத் திறந்திரலாம். வேனை இழுத்து ரோட்டுல விட்டுட்டு என்கூட வா. இவ இங்கனயே கிடக்கட்டும்."

இவிய வண்டிச் சாவியை எடுத்தாவ. கயிறை எடுத்தாவ. என் கைப்பையைத் திறந்து கடைச் சாவியையும் எடுத்தாவ. மாமா முன்சீட்டுல ஏறி உக்காந்தாவ, வண்டி மேட்டுல இறங்கி மறைஞ்சு போச்சு. ஒரு வார்த்தை, "இப்போ வந்துருதேன்"னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு. கறி அடிப்பிடிக்குறதுகூடத் தெரியாம நின்னேன்.

வேனோட சத்தம் ரோட்டுப் பக்கம் கேட்டுது. அப்புறம் அதுவும் இல்ல. பொழுது அடையப் போகுது.

"அம்மா, அப்பா வரமாட்டாவ. கூடாரத்தைச் சுருட்டவா?" ஐஸ்வர்யா முகத்தைப் பார்க்க முடியல.

"தொட்டுப் பாரு, கையை ஒடிச்சிருவேன். அவிய வராட்டா போகட்டும், நாம ரெண்டு பேரும் இங்கதான் படுக்கோம்." வாயி வீறாப்பாத்தான் பேசுச்சு. கண்ணு கேக்கல, தண்ணியா ஊத்துது.

அப்போதான் அந்த உறுமல். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கருப்பு வண்டி ஏறி வருது. உள்ள இவிய மட்டும்தான். இறங்கி வந்து, அடிப்பிடிச்ச சட்டியை எட்டிப் பார்த்துட்டு, ஒரு தட்டை எடுத்துக்கிட்டு மணல்ல உக்காந்தாவ.

"மாமா எங்க?"

"வேன்ல ஊருக்குப் போயிட்டாவ."

"கடைச் சாவி?"

"அவியட்டதான் இருக்கு. ‘திறக்கணும்னா நீங்களே போயித் திறந்து கல்லாவுல உக்காருங்கப்பா, நான் திங்கக்கிழமை பிள்ளையை ஹாஸ்டல்ல விட்டுட்டுத்தான் வருவேன்’னு கையில குடுத்துட்டேன்."

"திங்கக்கிழமையா?"

"இந்த வண்டியிலயே கோயம்புத்தூர் போறோம். வழியில எங்கெங்க தங்கணும்னு அவளையே சொல்லச் சொல்லு"ன்னாவ, தட்டை நீட்டிக்கிட்டே.

ஆத்தாடி! நான் கேட்டது ஒரே ஒரு நாள்தான்.